உக்கின பெட்டியும் ஒழுகும் தளமும்

எங்கள் வீட்டு உழவு மெசின் பெட்டிக்கு, அதாவது ட்ராக்டர் இழுக்கும் ட்ரெயிலருக்கு, இரண்டு தொழில். வருடத்தில் பெரும்பாலும் அது நெல், உரம், மணல், விறகு ஏற்றும் பெட்டி. ஓகஸ்ட் வந்தால் வீடு. வளைத்த இரும்புக் குழாய்களை நான்கு மூலையிலும் நடுவிலும் செருகி, மேலே தறப்பாளை இழுத்துக் கட்டி, பின்பக்கம் பழைய சேலை ஒன்றைத் தொங்கவிட்டு, மல்லாவியிலிருந்து பாண்டியன்குளம், நட்டாங்கண்டல், பாலம்பிட்டி என்று காட்டுப் பாதையால் மடு மாதா கோவிலுக்குப் போவோம். 15ஆம் திகதி திருநாள் முடியும்வரை அம்மாவும் பிள்ளைகளும் பெட்டிக்குள்ளே படுப்பார்கள். தம்பி பெட்டிக்குக் கீழே. சமையல் மரத்தடியில். கனடாவில் இருக்கும் மச்சான் படத்தைப் பார்த்துவிட்டு, "நாங்கள் உதுக்குத்தான் ஆயிரக்கணக்கில டொலர் குடுத்து கேம்பர் வண்டி வாங்குறம்" என்று எழுதினார்.

அந்த வீட்டின் தளம்தான் உக்கிப்போயிருந்தது. காலபோக அறுவடை முடிந்து, மிஞ்சிய யூரியா மூட்டையை இறக்கும்போது இடது முன்மூலையில் கால் வைத்தவுடன் பலகை உள்ளே வாங்கியது. மேலே தகடு போட்டிருந்ததால் ஓட்டை தெரியவில்லை. ஆனால் தட்டிப் பார்த்தால் சத்தம் வேறு. நல்ல பலகையைச் சுத்தியலால் தட்டினால் கணீரென்று திருப்பிப் பேசும். இது தொப்பென்று அடங்கியது. கீழே படுத்து டோர்ச் அடித்து, திருப்புளியால் குத்தினேன். பிடி வரைக்கும் போனது. இழுத்தபோது கையில் வந்தது மரமா என்று சந்தேகம். தேங்காய்ப் புண்ணாக்கு மாதிரி விரலுக்குள் உதிர்ந்தது.

அது கறையான் வேலை என்று பக்கத்து வீட்டு அண்ணை அடித்துச் சொன்னார். இல்லை. கறையான் தின்றிருந்தால் மண் பூச்சும் மண் குழாயும் இருக்கும், மரத்துக்குள் நீளத்துக்கு அறை அறையாய் அரித்திருக்கும். உளுத்திருந்தால் சிறு துளையும் கீழே மாவும் இருக்கும். இது கபில நிறமாகி, குறுக்கும் நெடுக்கும் வெடித்து, சின்னச் சின்னக் கட்டிகளாய்ப் பிரிந்திருந்தது. பூஞ்சணத்தின் கைவரிசை. அது மரத்தில் நாராய் இருக்கும் பங்கைத் தின்றுவிட்டு, கபில நிறமான மற்றப் பங்கை மட்டும் விட்டுவிடும். அதனால்தான் உருவம் மரம் மாதிரியே இருக்கும், பலம் இருக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் கறையான் மருந்தை வாங்கி ஊற்றினால் காசு போகும், பலகை தொடர்ந்து உக்கும்.

பூஞ்சணத்துக்கு மரம் வேண்டும், காற்று வேண்டும், சூடு வேண்டும், ஈரம் வேண்டும். வன்னியில் முதல் மூன்றையும் நம்மால் தடுக்க முடியாது. ஈரம் ஒன்றுதான் நம் கையில். மரத்தின் உலர்ந்த எடையில் 20 வீதத்துக்குக் கீழே ஈரம் இருந்தால் அது உக்காது. பழைய வீடுகளின் பாலைமரக் கூரை வளைகள் இன்னும் கிண்ணென்று நிற்கிறதற்கு அதுவும் ஒரு காரணம். நனைவது பெரிய விஷயமே இல்லை. நனைந்தது காயாமல் கிடப்பதுதான் கேடு.

இந்தப் பெட்டியில் தண்ணீர் எப்படிக் கிடந்தது என்று விளங்க, தளத்தின் கதையைச் சொல்லவேண்டும். 2008இல் சண்டையால் மல்லாவியை விட்டு வெளிக்கிட்டபோது மூன்று குடும்பம் இந்தப் பெட்டியில்தான் கிழக்கே போனது. மீள்குடியேறி வந்த பிறகு அப்பாவுக்குத் திரும்பக் கிடைத்தது அச்சும் இரும்புச் சட்டமும் மட்டும். பலகை எல்லாம் யாரோ அடுப்பில் வைத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் நாங்களும் அப்படித்தான் எரித்தோம், ஆரையும் குறை சொல்ல ஏலாது. கையில் அகப்பட்ட மாம்பலகை, தென்னம்பலகை, எங்கேயோ பெட்டி உடைத்த பலகை எல்லாவற்றையும் சேர்த்து அப்பா தளம் போட்டார். காயக் காயப் பலகைகள் விலகின. இடுக்கால் நெல் கொட்டியது. அதனால் வீதி வேலைக்கு வந்த தார்ப் பீப்பாக்களை வெட்டி, நெளிவெடுத்து, பலகைக்கு மேலே ஆணி அடித்து மூடினார். நெல்லுக்கு அது சரியான வைத்தியம். ஒரு மணிகூடக் கீழே போகாது.

பிறகு பெட்டி வீடானது. தகடு சுடும் என்று அதற்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டினோம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையில் வெளியே நிற்கும் பெட்டி. ஆணித் துளையாலும் தகட்டின் ஓரத்தாலும் தண்ணீர் உள்ளே போகும். மேலே விரிப்பு, நடுவில் தகடு, வெளியேற வழியில்லை. தறப்பாளின் முன்பக்கத் தண்ணீர் முழுக்க இடது மூலையில்தான் வடியும், அங்கேதான் முதலில் உக்கியது. மேலே கையை வைத்தால் காய்ந்த தளம். கீழே வைகாசி வெயிலிலும் ஈரம்.

மச்சானின் கேம்பரிலும் இதே கதைதானாம். அங்கே தளம் பிளைவூட். கூரையின் மூட்டில் பூசிய பசை வெடித்து, பனி உருகின தண்ணீர் சுவருக்குள்ளாலேயே இறங்கி, மூலையில் தேங்கி, மேலே ஒட்டிய விரிப்புக்குக் கீழே உக்கியிருக்கிறது. "கூரையைப் பார்க்காம தளத்தில கை வைக்காதை" என்று சொன்னார். நல்ல புத்தி. நாங்கள் செய்த முதல் வேலை தறப்பாளை முன்பக்கம் ஒரு முழம் கூடுதலாக வெளியே நீட்டி, தண்ணீரைப் பெட்டிக்கு வெளியே விழ வைத்ததுதான். அதற்குச் செலவு ஒரு கயிறு.

அதன் பிறகு ஆலோசனைகள் வந்தன. மரக்கடைக்காரர் மரைன் பிளைவூட்டைக் காட்டினார். "தண்ணிக்க கிடந்தாலும் ஒண்டும் ஆகாது தங்கச்சி." பாதி உண்மை. மரைன் பிளைவூட்டில் தண்ணீரைத் தாங்குவது அதன் பசை. தாள்கள் பிரியாது, சரி. ஆனால் தாள் மரம்தானே, ஈரம் பிடித்தால் உக்கும். வெட்டின ஓரமும் போல்ட் துளையும் தண்ணீரை உறிஞ்சும். எங்கள் பெட்டியில் ஓரம் முழுக்க வெளியே தெரியும். மணல் ஏற்றினால் மேற்தாள் உரியும். வேண்டாம் என்று விட்டேன். வீட்டுக்குள் அலுமாரி செய்ய என்றால் வாங்கியிருப்பேன்.

முல்லைத்தீவில் இருக்கும் சித்தப்பா கடற்றொழில் செய்கிறவர். படகுக்குப் போடுவது மாதிரி றெசினும் கண்ணாடி நார்ப் பாயும் போட்டு முழுத் தளத்தையும் மூடிவிடலாமா என்று அவரைக் கேட்டேன். அவர் சிரித்தார். "பைபர் படகு உக்காது எண்டு நினைக்கிறியோ? எஞ்சின் பூட்டுற பின்பலகையைக் கேட்டுப் பார்." அந்த இடத்தில் பைபருக்கு நடுவே மரம் வைப்பார்களாம். போல்ட் துளையால் ஒருமுறை தண்ணீர் புகுந்தால், வெளியே மினுக்கமாய் இருக்கும்போதே உள்ளே மரம் கூழாகிவிடும். எஞ்சின் ஆடத் தொடங்கினபிறகுதான் தெரியவரும். அதோடு படகுக்குப் பூசும் பொலியெஸ்ரர் றெசின் மரத்தில் அவ்வளவு நல்லாய் ஒட்டாது, ஈர மரத்தில் சுத்தமாய் ஒட்டாது. மச்சான் சொன்ன எப்பொக்சி நல்லாய் ஒட்டும். ஆனால் அதன் விலைக்குப் பலகையே வாங்கலாம்.

கடைசியில் எங்கள் ஊர்த் தச்சர், ஓடாவியார்தான் சரியான கேள்வியைக் கேட்டார். எண்பதை நெருங்குகிற மனிசன், கண் கொஞ்சம் மங்கல், கை மங்கவில்லை. பெட்டியைச் சுற்றி வந்து, தகட்டைத் தூக்கிப் பார்த்து, "பிள்ளை, உங்களுக்குத் தண்ணி போகாத தளம் வேணுமோ, தண்ணி நிக்காத தளம் வேணுமோ?" என்றார். இரண்டும் ஒன்றுதானே என்று தம்பி சொன்னான். அவர் பதில் சொல்லவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மூடாதேங்கோ. இடுக்கு விட்டுப் போடுவம்" என்றார். நெல் ஏற்றும்போது படங்கு விரிப்பைப் போட்டுக்கொள்ளலாம், ஏற்றாதபோது படங்கை எடுத்துவிடலாம். தகட்டுக்குத் தேவையே இல்லை. இவ்வளவுதான் முழுத் திட்டமும்.

பிரிக்கும் வேலை தம்பியுடையது. சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, முன்சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, பெட்டி ஆடாமல் நிறுத்தின பிறகுதான் அவனைக் கீழே படுக்க விட்டேன். தனி அச்சுப் பெட்டி. முன்பக்கப் பலகையை எல்லாம் கழற்றி எடை குறைந்தால் பின்பக்கம் சாய்ந்து மூக்குத் தூக்கும். பின்பக்கத்துக்கும் ஒரு முட்டு வேண்டும். போல்ட் ஒன்றுகூடக் கழரவில்லை, எல்லாம் கிரைண்டரால் வெட்டினோம். ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் மரம் கறுத்து மென்மையாகியிருந்தது. இரும்பு துருப்பிடிக்கும்போது பக்கத்து மரத்தையும் கெடுக்கும். நல்ல பலகையிலும் துளையைச் சுற்றி மட்டும் சொத்தை விழுந்திருப்பது அதனால்தான்.

தகட்டை எடுத்தபோது எழுந்த வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது. மரவட்டைகள், ஒரு தேள், எந்த வருடத்து நெல்லோ முளைத்துக் காய்ந்த வெள்ளை வேர்கள். அம்மா தேளைப் பார்த்துவிட்டு, இவ்வளவு காலமும் அதற்கு மேலே படுத்தோமே என்று மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தாள்.

தளத்தைத் தாங்கும் குறுக்குச் சனல்களில் (ப வடிவ இரும்புகள்) முன்னால் இருந்த இரண்டும் அரித்து, கம்பித் தூரிகையால் உரசியதும் ஓட்டை விழுந்தது. அதை வெட்டி எடுத்துப் புதிய சனலை வெல்டிங்கால் ஒட்டினோம். இங்கே ஒரு விஷயம்: சனலின் வாய் மேலே பார்த்திருந்தால் அது வாய்க்கால்தான், தண்ணீர் தேங்கும். பழையது அப்படித்தான் இருந்தது. தம்பி வாயைப் பக்கவாட்டுக்குத் திருப்பி ஒட்டினான். துருவைச் சுரண்டி, சிவப்பு ஒக்சைட் பூசி, காய்ந்த பிறகு அடிப்பக்கத்துக்குக் கறுப்புத் தார்ப் பெயின்ற். ஒட்டுவேலை எல்லாம் பலகை ஏறுவதற்கு முன்னமே முடித்துவிட்டோம். காய்ந்த புல்லும் கச்சான் காற்றும் இருக்கிற நேரத்தில் பொறி பறக்கிற வேலை, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இல்லாமல் செய்யக்கூடாது.

இனி மரம். வன்னியில் இருந்துகொண்டு மரத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பாலைதான் முதல் மரம். தண்ணீரில் போட்டால் தாழும், ஆணி அடித்தால் ஆணி வளையும். அந்தக் காலத்தில் ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகப் போட்ட மரம் அது. வடக்குப் பாதை சண்டைக்குள் அழிந்தபோது அந்தக் கட்டைகள் பங்கர்களுக்கு மேலே போயின. கிளிநொச்சிக்கு 2013இலும் யாழ்ப்பாணத்துக்கு 2014இலும் ரயில் திரும்ப வந்தது கொங்கிறீற் கட்டைகளில். பழைய சிலிப்பர் இருக்கிறது, மலிவாய்த் தரலாம் என்று ஒருவர் காதோடு சொன்னார். அரசாங்கத்துச் சாமான், எனக்கு வேண்டாம். பச்சைப் பாலை தறிப்பதும் அப்படித்தான், அனுமதி இல்லாமல் காட்டு மரத்தில் கை வைக்கிற கூட்டத்தால்தான் இங்கே பாலைப்பழம் பொறுக்க இப்போது தூரம் போகவேண்டியிருக்கிறது.

துணுக்காயில் மாமி வீட்டின் பழைய கூரையை இறக்கியிருந்தார்கள். ஷெல் பட்ட பாதி வீடு. அந்த வளைகளில் உடையாதவை பாலை. கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்துக்கொண்டு ஏற்றி வந்தோம். மரத்தோடு வீதியில் போனால் மறித்துக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அதை ஓடாவியார் தளத்துக்கு அடியில் போகும் சட்டங்களாக அறுப்பித்தார். மேலே போட தேக்கம் பலகை, பற்றுச்சீட்டோடு வாங்கினது. ஒன்றரை அங்குலத் தடிப்பு, ஆறு அங்குல அகலம். பனையைப் பற்றியும் யோசித்தோம். முதிர்ந்த பனையின் வெளிப்பக்க வைரம் நல்லதுதான், உள்பக்கம் சோறு. அகலப் பலகை அதில் வராது.

தேக்கு என்று சொல்லி வாங்குவதெல்லாம் உக்காத மரம் இல்லை. ஓடாவியார் ஒவ்வொரு பலகையாய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஓரத்தில் வெள்ளை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிறிய மரம், இருந்ததை எல்லாம் தனியாய் எடுத்து வைத்தார். எந்த மரமானாலும் வெள்ளை வெள்ளைதான், நின்று பிடிப்பது உள்ளே இருக்கும் வைரம் மட்டும். தேக்கின் வெள்ளையும் மாம்பலகையும் ஈரத்தில் ஒரே விதிக்குத்தான் போகும். வெள்ளையைச் சீவித் தள்ளினதில் அகலம் குறைந்து, பலகை காணாமல் இன்னும் வாங்கவேண்டி வந்தது. கடைக்காரருக்குச் சந்தோசம்.

பலகைக்கு என்ன பூசுவது என்பதில் வீட்டில் சின்னச் சண்டை. தம்பி கழிவு ஒயில் என்றான். இங்கே எல்லோரும் பூசுவது அதுதான், ஓசியில் கிடைக்கும். அதற்கு மேல் பிள்ளைகள் படுக்கவேண்டும், உலை வைக்கிற அரிசி மூட்டை அதன் மேல் இருக்கவேண்டும். முடியாது என்றேன். வெண்காரத்தைச் சுடுதண்ணீரில் கரைத்துக் காய்ந்த மரத்துக்குப் பூசினேன். பூஞ்சணத்துக்கும் கறையானுக்கும் அது ஆகாது. மல்லாவியில் நகைவேலை செய்கிற ஒருவரிடம்தான் வாங்கினேன். பொன் ஒட்ட வைத்திருப்பதை மரத்துக்குக் கேட்கிறாளே என்று ஒரு மாதிரிப் பார்த்தார். வெண்காரத்துக்கு ஒரு குறை, மழைத் தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்து போய்விடும். அதனால் அது நன்றாய்க் காய்ந்த பிறகு மேலே லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் தேய்த்தோம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக்கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருண்டு கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கலாம். நான் ஒவ்வொன்றையும் வேலியில் விரித்துக் காயவிட்டேன். இதை அந்த எண்ணெய் விற்ற கடையில் யாரும் சொல்லவில்லை.

பலகையின் இரண்டு தலைகளுக்கும் மட்டும் பெயின்ற் இரண்டு பூச்சு. மரம் தண்ணீரை முகத்தால் குடிப்பதைவிட வெட்டுவாயால் பல மடங்கு குடிக்கும். முகத்துக்குப் பெயின்ற் பூசவில்லை, வெடித்தால் அதுவும் ஒரு தார்த் தகடு மாதிரித்தான்.

பூட்டும்போது பலகைக்குப் பலகை இரண்டு நூல், அதாவது கால் அங்குல இடுக்கு. அளவு தவறாமல் இருக்க ஓடாவியார் இரண்டு நூல் தடிப்பில் தகரத் துண்டுகளை இடையே செருகி, பூட்டிய பிறகு உருவினார். மாரியில் பலகை ஊதும், அப்போது இடுக்கு ஒரு நூலாகும், கோடையில் திரும்ப விரியும். இறுக்கிப் போட்டால் மாரியில் ஒன்றையொன்று நெருக்கித் தளம் கூரை போட்டு எழும்பும். இரும்புக்கும் பாலைச் சட்டத்துக்கும் நடுவே பழைய ரியூப்பை நீளத்துக்கு விரிக்கலாம் என்று தம்பி சொன்னான். நீளத்துக்கு விரித்தால் அதற்குக் கீழேயும் தண்ணீர் நிற்கும். போல்ட் வருகிற இடத்தில் மட்டும் உள்ளங்கை அளவுத் துண்டு வைத்தோம். மற்ற இடத்தில் காற்று ஓடும். போல்ட் எல்லாம் நாகம் (துத்தநாகம்) பூசினது, வொசர் பெரியது. பாலையில் துளை போடும்போது ட்ரில் அலகு சூடாகி முறிந்துகொண்டே இருந்தது. மெதுவாய், இடையிடையே இழுத்துத் தூளை வெளியேற்றித்தான் போடவேண்டும். அவசரக்காரருக்குப் பாலை சரிவராது.

பழைய பலகையில் பின்பக்கத்தில் இருந்த மூன்று நன்றாய் இருந்தன. தூக்கி எறிய மனம் வரவில்லை, அப்பா கையால் போட்டவை. ஆனால் நன்றாய்த் தெரிகிற பழைய பலகையிலும் பூஞ்சணம் இருக்கலாம், உக்கின எல்லையில் இருந்து ஒரு முழமாவது தள்ளி வெட்டவேண்டும். வெட்டினேன். மிஞ்சினது மாட்டுக் கொட்டிலில் வைக்கோல் தட்டாக நிற்கிறது.

வேலை முடிந்து, தளத்தின் மேல் ஐந்து வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். எல்லாம் நிலத்துக்குப் போனது. மாலைக்குள் மேலும் கீழும் காய்ந்துவிட்டது. தம்பிக்கு அப்போதுதான் ஓடாவியாரின் கேள்வி விளங்கியது என்று நினைக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

அம்மாவுக்குத் திருப்தியில்லை. பாலம்பிட்டிப் பாதைப் புழுதி முழுக்க இடுக்கால் மேலே வரும், ஊசி விழுந்தால் காட்டில்தான் தேடவேண்டும், கீழே படுக்கிறவனின் குறட்டையும் கேட்கும் என்கிறாள். புழுதி விஷயத்தில் அவள் சொல்வது சரி. ஓட்டத்தில் படங்கை விரித்து வைத்து, மடுவில் போய் நின்றவுடன் அதைச் சுருட்டிவிட்டுப் பனையோலைப் பாய் விரிக்கலாம் என்று முடிவு. பிளாஸ்டிக் விரிப்பு இனி உள்ளே ஏறாது, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓகஸ்டுக்கு முன் சில்லுக்குக் கிறீஸ் அடிக்கவேண்டும், பின்கதவுப் பிணைச்சல் ஒன்று தேய்ந்து தொங்குகிறது. இரண்டும் தம்பியின் பொறுப்பு. இதை அவன் வாசிப்பான் என்றுதான் இங்கே எழுதி வைக்கிறேன்.